மதுரை கப்பலூர் பக்கம் கால்பந்து அணி தொடங்க நினைப்பவர்களுக்கு

முதலில் பந்து வாங்கப் போகாதீர்கள். இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். ஆளுக்கு ஒரு பக்கம். பெயர், தங்கியிருக்கும் இடம், என்ன வேலை, எந்தக் கிழமை எத்தனை மணிக்கு வேலை முடியும், எத்தனை மணிக்குள் திரும்பிப் போயாக வேண்டும். இவ்வளவுதான் எழுத வேண்டும். இந்த நோட்டில் முப்பது பக்கமாவது நிரம்பிய பிறகு பந்துக் கடைக்குப் போகலாம்.

நாங்கள் தலைகீழாகத் தொடங்கினோம். திருநகர்ப் பையன்கள் நாலைந்து பேர் சேர்ந்து பந்து வாங்கினோம், கூம்பு வாங்கினோம், சனிக்கிழமை மாலை நாலு மணி என்று முடிவு செய்தோம். கல்லூரி விட்டு வருகிறவனுக்கு அது நல்ல நேரம். கப்பலூர் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் பார்க்கிறவருக்கு அது வேலை நேரம். உச்சப்பட்டி முகாமில் பெயின்ட் வேலைக்குப் போகிறவர் ஆறு மணிக்குத்தான் வீடு திரும்புவார். நாலு வாரம் போனது. "எல்லாருக்குமான அணி" என்று சொல்லிக்கொண்டு நாங்கள் ஐந்து பேரும் எங்களுக்குள்ளேயே பந்தைத் தட்டிக்கொண்டு இருந்தோம்.

அப்புறம்தான் நோட்டு வந்தது. அதில் எழுதியதைப் பார்த்ததும் ஒன்று தெளிவாகப் புரிந்தது. யாருக்கு நேரம் மிகவும் குறைவோ, யாருக்குத் தன் நேரத்தின் மேல் அதிகாரமே இல்லையோ, அவரைக் கேட்டுத்தான் ஆட்ட நேரத்தை வைக்க வேண்டும். மற்றவர்கள் அதற்கு ஏற்ப மாறிக்கொள்ளலாம், அவர்களால் முடியும். எங்களுக்கு ஞாயிறு மாலை நாலேமுக்காலிலிருந்து ஆறேகால் வரை அமைந்தது. உங்கள் ஊரில் அது செவ்வாய்க் காலை ஆறு மணியாகக்கூட இருக்கலாம். நோட்டு சொல்வதைக் கேளுங்கள். இந்தக் கட்டுரையில் மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

ஆட்களைத் தேடுவது

நோட்டீஸ் ஒட்டி யாரும் வரமாட்டார்கள். பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, வங்காளம், அஸ்ஸாம் என்று பல பக்கத்திலிருந்து வந்தவர்கள் இங்கே ஆலைகளிலும், தோப்பூர் எய்ம்ஸ் மாதிரியான பெரிய கட்டட வேலைகளிலும், நாலுவழிச் சாலை ஓட்டல்களிலும் இருக்கிறார்கள். அவர்கள் கூடுகிற இடங்கள் சில உண்டு: கடுகெண்ணெய் வைத்து விற்கும் மளிகைக் கடை, ரீசார்ஜ் கடை, ஆலை வாசல் டீக்கடை, ஞாயிற்றுக்கிழமை முடிவெட்டும் கடை. அங்கே போய் நில்லுங்கள். கையில் பந்து இருந்தால் போதும், இந்தி தெரிய வேண்டியதில்லை. வங்காளத்திலும் மணிப்பூரிலும் ஜார்க்கண்டிலும் கால்பந்து சும்மா பொழுதுபோக்கு இல்லை, ஊர் விளையாட்டு. பந்தைப் பார்க்கும் பார்வையிலேயே ஆடியவர் யார் என்று தெரிந்துவிடும்.

தொழிலாளர்களைக் கூட்டிவரும் காண்ட்ராக்டரையும் விடுதி பார்த்துக்கொள்பவரையும் ஒருமுறை நேரில் பார்த்துச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால், ஆட வந்தவர் மறுநாள் "எங்கே போனாய்" என்று திட்டு வாங்குவார். அடுத்த வாரம் வரமாட்டார்.

முகாமுக்குப் போகும் முறை வேறு. உச்சப்பட்டி, ஆனையூர், திருவாதவூர் என்று மதுரை மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்த பிறகு அரசுத் தாள்களில் இவற்றின் பெயர் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்'. நீங்களும் அப்படியே எழுதுங்கள், அப்படியே சொல்லுங்கள். முதலில் முகாம் தலைவரைப் பாருங்கள், அடுத்து பெற்றோர்களை. பையன்களை நேராகக் கூப்பிட்டுப் போகாதீர்கள். உட்காரச் சொன்னால் உட்காருங்கள், தேத்தண்ணி கொடுத்தால் குடியுங்கள். அவசரப்படாதீர்கள்.

ஒரு சொல்லைத் தெரிந்துகொண்டு போங்கள்: உதைபந்தாட்டம். நாம் கால்பந்து என்பதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். நான் முதல் நாள் போய் "கால்பந்து ஆடுவீங்களா ஐயா?" என்று ஒரு பெரியவரிடம் கேட்டேன். அவர் ஒரு நொடி யோசித்து, "உதைபந்தாட்டமோ? மன்னாரில நான் ஆடாத மைதானம் இல்லைத் தம்பி" என்றார். அதுவரை கயிற்றுக் கட்டிலில் சாய்ந்து இருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இன்றைக்கு எங்கள் கோல்கீப்பர்களுக்கு அவர்தான் ஆசிரியர். எழுபது வயதைத் தாண்டியவர், பிளாஸ்டிக் நாற்காலியைக் கம்பத்துக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு கையைக் காட்டிக் காட்டி நிற்கச் சொல்லிக் கொடுக்கிறார்.

"எப்ப வந்தீங்க?", "எப்பத் திரும்பிப் போவீங்க?" என்று பையன்களிடம் கேட்காதீர்கள். 1983-க்குப் பின்னும், 1990-இலும், அதன் பிறகும் வந்தவர்கள் அவர்களுடைய அம்மா அப்பா, தாத்தா பாட்டி. இந்தப் பையன்கள் திருமங்கலம் ஆஸ்பத்திரியில் பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடம் போனவர்கள்.

மைதானம்

பெரியார் நிலையத்திலிருந்தோ ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கத்திலிருந்தோ இந்தப் பக்கம் தூரம் அதிகம். மணிக்கணக்கில் வாடகை கேட்கும் செயற்கைப் புல் மைதானம் (டர்ஃப்) நம் கைக்கு எட்டாது. அரசுப் பள்ளி மைதானம்தான் வழி. தலைமையாசிரியருக்கு எழுத்தில் கடிதம் கொடுங்கள்: எந்த நாள், எத்தனை மணி, எத்தனை பேர், யார் பொறுப்பு, ஆடி முடித்ததும் பெருக்கிவிட்டுப் போவோம். கடைசி வரியை எழுதினால் மட்டும் போதாது, செய்ய வேண்டும். ஊராட்சி நிலம் என்றால் ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். ஊர்ப் பையன்கள் ஏற்கெனவே கிரிக்கெட் ஆடும் இடமாக இருந்தால் அவர்களிடமும் கேளுங்கள். அனுமதி வாங்கியிருந்தாலும் அவர்களைக் கேட்காமல் இறங்கினால் மூன்றாவது வாரம் சண்டை வரும்.

நம் பக்கத்து மைதானத்தின் முதல் எதிரி சீமைக் கருவேலமுள். ஆட்டத்துக்கு அரை மணி முன்னதாக எல்லாரும் வரிசையாகக் கைகோத்த தூரத்தில் நின்று, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை குனிந்து பொறுக்கிக்கொண்டே நடக்க வேண்டும். முள், கண்ணாடிச் சில்லு, கல். பெரிய மேஸ்திரி, சின்னப் பையன் என்ற கணக்கில்லை, எல்லாரும் பொறுக்க வேண்டும். ஒருவரோடு ஒருவர் பேச மொழி இல்லாத முதல் வாரங்களில் எங்களை ஒன்றாக்கியது இந்த அரை மணிதான் என்று நான் நினைக்கிறேன். எடுத்த முள்ளை ஒருவர் உயர்த்திக் காட்டுவார், இன்னொருவர் அவருடைய மொழியில் அதற்குப் பெயர் சொல்வார்.

பந்து 5-ஆம் எண். சுற்றளவு 68 முதல் 70 செ.மீ., எடை 410 முதல் 450 கிராம். பன்னிரண்டு வயதுக்குள் இருப்பவர்களுக்கு 4-ஆம் எண். கட்டாந்தரைக்குத் தையல் பந்து தாங்காது. ஒட்டி வார்த்த ரப்பர்ப் பந்தாகக் கேளுங்கள். காற்றை முழுக்க ஏற்றாதீர்கள். விதிப்படி 0.6 முதல் 1.1 வளிமண்டல அழுத்தம் வரை இருக்கலாம், நம் தரைக்குக் கீழ்க்கணக்கே நல்லது, பந்து தலைக்கு மேல் எகிறாது. ஊசியைத் தண்ணீரில் நனைத்துவிட்டுச் செருகுங்கள். காய்ந்த ஊசி வால்வைக் கிழித்துவிடும், எங்கள் முதல் பந்து முள்ளில் போகவில்லை, இப்படித்தான் போனது.

கோல் கம்பத்துக்குச் சவுக்குக் கம்பு போதும். முழு அளவு 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். ஏழு பேர் ஆடும் சின்ன மைதானத்துக்குக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டடி ஆழமாவது குழி எடுத்து நட்டு, கல் போட்டு இறுக்குங்கள். தூக்கி நிறுத்தி வைக்கும் கம்பத்தில் குழந்தைகள் தொங்கினால் அது மேலேயே விழும். இதில் சமரசமே கூடாது.

ஷூ எல்லாரிடமும் இருக்காது. முதல் மாதம் எல்லாரும் வெறுங்கால் அல்லது எல்லாரும் ஷூ என்று வைத்துவிடுங்கள். ஷூ கால் வெறுங்காலை மிதித்தால் நகம் போகும். முழங்காலுக்குக் கீழே போடும் ஷின்கார்டு போட்டிகளில் கட்டாயம். வாங்க முடியாத வரை அட்டையை மடித்து சாக்ஸுக்குள் வைத்துப் பயிற்சி செய்யலாம், போட்டிக்கு அது ஆகாது.

முதல் நாள்

அவரவர் ஆட்களோடு அவரவர் நிற்பார்கள். முகாம் ஒரு பக்கம், வங்காளம் ஒரு பக்கம், திருநகர் ஒரு பக்கம். அப்படியே அணி பிரித்தால் அது ஊர்ச் சண்டையாகத்தான் முடியும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்லிப் பிரியுங்கள். அவரவர் மொழியில் எண்ணட்டும், கேட்க நன்றாக இருக்கும்.

அப்புறம் வட்டம். பத்துப் பேர் சுற்றி, இரண்டு பேர் நடுவில். யாருக்குப் பந்தைத் தட்டுகிறீர்களோ அவர் பெயரைச் சொல்லித்தான் தட்ட வேண்டும். பெயர் தப்பினால் நடுவுக்குப் போக வேண்டும். அரை மணியில் எல்லார் பெயரும் எல்லார் வாயிலும் வந்துவிடும். "ஏய் இந்திக்காரா" என்பதற்கு அங்கே இடமே இருக்காது.

மைதானத்துக்குள் கூப்பிடும் சொற்களை முதல் நாளே முடிவு செய்யுங்கள். நாங்கள் நாலே நாலு சொல்லும் ஒரு சைகையும் வைத்தோம். பின்னால் எதிரி வந்தால் "ஆளு". பந்தைத் தொடாமல் போகவிட வேண்டுமானால் "விடு". திருப்பித் தட்ட "பேக்". நேரம் இருக்கிறது, நிதானமாக ஆடு என்பதற்கு "ஆராம்", அது இந்திச் சொல். தனியாக இருக்கிறேன், எனக்குத் தா என்பதற்குச் சொல் இல்லை, கையைத் தூக்குவதுதான். பல மொழியிலிருந்தும் எடுத்தோம், எல்லாம் தமிழாக இருந்தால் அவர்கள் எப்போதும் விருந்தாளிகளாகவே இருப்பார்கள்.

ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். இரண்டாவது வாரம், வங்காளத் தம்பி ஒருவர் எங்கள் பின்கள ஆட்டக்காரரைப் பார்த்து "தாதா, தாதா" என்று கத்தினார். இவர் முகாமைச் சேர்ந்தவர், போலீஸ் பெயர் கேட்டாலே வீட்டில் பயப்படுவார்கள். முகம் சிவந்து ஆட்டத்தை நிறுத்திவிட்டு, "என்னை ரவுடி எண்டு சொல்றானோ?" என்று கேட்டார். வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன். அதை எனக்கு விளக்கியவர் ஓட்டலில் வேலை செய்யும் அஸ்ஸாம்காரர். விஷயம் தெரிந்ததும் இருவரும் சிரிக்கவில்லை, கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்கள். பிறகு முகாம் அண்ணன் போய் அவர் தோளில் கை போட்டார். இப்போது அணியில் மூத்தவர்கள் எல்லாரும் தாதாதான். இப்படி ஒரு நாள் உங்களுக்கும் வரும். உடனே விசில் ஊதி நிறுத்துங்கள், மொழி தெரிந்தவரைக் கூப்பிடுங்கள், தீர்ந்த பிறகே பந்து நகர வேண்டும்.

ஆனால் தெரிந்தே சொல்லும் சொல் வேறு. "அகதி", "வடக்கன்" என்று ஒருவரைச் சீண்டினால், சொன்னவர் யாராக இருந்தாலும் அன்றைக்கு வெளியே. கால்பந்து விதியிலேயே இழிவான பேச்சுக்குச் சிவப்பு அட்டை உண்டு. நாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் அணியிலேயே நன்றாக கோல் போடும் பையன் ஒருவன் இப்படி வெளியே போனான். அன்று தோற்றோம். அடுத்த வாரம் அவன் தான் சீண்டியவரிடம் போய்ப் பேசிவிட்டுத்தான் உள்ளே வந்தான்.

போகவர ஆகும் செலவு

கனடா அணியின் அல்ஃபோன்சோ டேவிஸைப் பையன்களுக்குத் தெரியும். 2000-ஆம் ஆண்டு கானா நாட்டின் அகதி முகாம் ஒன்றில் பிறந்தவர், பெற்றோர் லைபீரியப் போரில் தப்பி வந்தவர்கள். 2022 உலகக் கோப்பையில் கனடா ஆண்கள் அணியின் முதல் உலகக் கோப்பை கோலைப் போட்டவர் அவர்தான், குரோஷியாவுக்கு எதிராக. அந்த ஆட்டத்தில் எதிரணித் தலைவர் லூகா மோட்ரிச், அவரும் சிறுவயதில் போரால் வீடிழந்து ஹோட்டலில் தங்கி வளர்ந்தவர். பையன்களுக்கு இந்தக் கதை பிடிக்கும். எனக்கு இதில் பிடித்தது வேறு ஒன்று. டேவிஸ் எட்மன்டன் நகரில் ஆடத் தொடங்கியது பள்ளி முடிந்த பிறகு நடக்கும் இலவச லீக் ஒன்றில். அவர்கள் கட்டணம் வாங்கவில்லை, உடுப்பும் கொடுத்தார்கள், போகவர வண்டிக்கும் ஏற்பாடு செய்தார்கள். மூன்றாவதைத்தான் நாம் எல்லாரும் மறந்துவிடுகிறோம்.

எங்களிடம் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது. வாரம் இருபது ரூபாய், முடிந்தவர் போடலாம். யார் போட்டார், யார் போடவில்லை என்று எழுதுவதில்லை. அதில் முதல் செலவு ஷேர் ஆட்டோ, இரண்டாவது தண்ணீர் கேன், மூன்றாவதுதான் பந்து. மிச்சம் இருந்தால் மாதக் கடைசி ஞாயிறு எல்லாருக்கும் பருத்திப்பால்.

கப்பலூரில் நாலுவழிச் சாலையைக் கடப்பது பெரிய ஆபத்து. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி போகும் சாலை அது, வண்டி நிற்காது. இருட்டுவதற்கு முன் ஆட்டத்தை முடித்து, எல்லாரும் ஒரே கூட்டமாகக் கடந்து, அந்தப் பக்கம் போனதும் ஆள் எண்ணுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் ஐந்து மணிக்கு முன் தொடங்கவே வேண்டாம், கால் மணிக்கு ஒருமுறை தண்ணீர்.

அடிபட்டால்

சுளுக்கு என்றதும் நீவி விட ஓடி வருவார்கள். விடாதீர்கள். தண்ணீர்ப் பாக்கெட்டை உறைய வைத்துத் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுங்கள், காலை உயர்த்தி வையுங்கள். ஊன்ற முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுக்காமல் நாட்டு வைத்தியக் கட்டு போடக் கூடாது. தலையில் அடி பட்டால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. வாந்தி, மயக்கம் இருந்தால் 108.

நோட்டில் ஒவ்வொருவர் பக்கத்திலும் இதையும் எழுதி வையுங்கள்: ஆலையில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) அட்டை இருக்கிறதா? இருந்தால் மதுரையில் தத்தநேரி இ.எஸ்.ஐ. மருத்துவமனை. முகாமில் இருப்பவர்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் உண்டு, அட்டையை எடுத்து வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இரண்டும் இல்லாத தினக்கூலிக்காரர்தான் நம் கவலை. அவர் கால் உடைந்தால் மருத்துவச் செலவு மட்டுமல்ல, ஆறு வாரச் சம்பளமும் போகும், ஊரில் பணம் எதிர்பார்த்து ஒரு குடும்பம் இருக்கும். இதை அவர்களிடம் முதல் நாளே ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். நாங்கள் சறுக்கி விழுந்து பந்தைப் பறிப்பதைப் பயிற்சியில் தடை செய்திருக்கிறோம். ஆட்டத்தின் சுவை கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

போட்டிக்குப் போகும்போது

கோயில் திருவிழாவுக்கும் பொங்கலுக்கும் சுற்றுப்பட்டில் ஏழு பேர் ஆட்டம் நிறைய நடக்கும். நுழைவுக் கட்டணம் கட்டுவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். வெளியூர் ஆட்டக்காரர்களுக்கு அனுமதி உண்டா? அடையாளத்துக்கு எதைக் காட்ட வேண்டும், முகாம் அடையாள அட்டையை ஏற்பார்களா? கேட்காமல் போய்விட்டு, அத்தனை பேர் முன்னால் இரண்டு பேரை மட்டும் ஓரமாக நிறுத்திய நாள் எங்களுக்கு உண்டு. ஆடாமலேயே மொத்த அணியும் திரும்பி வந்தோம். அந்த இருவரும் பேருந்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு போன் செய்து கேட்டு, "சரி" என்ற பதிலை வாட்ஸ்அப்பில் வாங்காமல் நாங்கள் எங்கும் கிளம்புவதில்லை.

முகாமில் பெயர் கூப்பிட்டுச் சரிபார்க்கும் நாள் உண்டு. அன்றைக்கு நேரில் இருந்தாக வேண்டும். வெளியூரில் இரவு தங்க வேண்டுமானால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். ஆகவே இரவு ஆட்டம், இரண்டு நாள் ஆட்டம் என்றால் பெயர் கொடுக்கும் முன் அவர்களிடம் கேளுங்கள். "ஒரு நாள்தானே, யாருக்குத் தெரியும்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். மாட்டினால் கஷ்டம் உங்களுக்கில்லை, அவர் வீட்டுக்கு.

மாவட்ட லீக் அளவுக்குப் போக நினைத்தால் கிளப்பைப் பதிவு செய்ய வேண்டியிருக்கும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதிவு செய்யலாம், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில். ஆட்டக்காரர் பதிவில் குடியுரிமைக் கேள்வி வரும். 1987 ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ இந்தியாவில் பிறந்தவருக்குப் பிறப்பால் மட்டும் குடியுரிமை கிடைக்காது, பெற்றோரின் நிலையையும் பார்ப்பார்கள். அதனால் இங்கேயே பிறந்த முகாம் பையனும் தாளில் வெளிநாட்டவர். மாவட்டக் கால்பந்துக் கழகத்திடம் நிலைமையைச் சொல்லி, என்ன வழி என்று கேட்ட பிறகு பையனிடம் பேசுங்கள். ஆசை காட்டிவிட்டுக் கைவிரிப்பது கொடுமை.

பெண்பிள்ளைகளும் வருவார்கள், வரட்டும். முடிந்தால் ஓர் அக்காவைப் பொறுப்பில் வையுங்கள். தலையில் துணி கட்டி ஆடுவதற்கு 2014-இலிருந்தே விதி இடம் கொடுக்கிறது, அதைச் சொல்லித் தடுப்பவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். புகைப்படம் எடுத்தால் கேட்டுவிட்டு எடுங்கள், குழந்தைகள் முகத்தை எங்கும் போட வேண்டாம். செய்தி அனுப்புவதற்கு எழுத்தை விடக் குரல் பதிவு நல்லது, தமிழ் வாசிக்கத் தெரியாதவரும் கேட்டுப் புரிந்துகொள்வார்.

ஆள் குறையும் காலம்

தீபாவளி முடிந்ததும் சட் பூஜைக்குப் பீகார்க்காரர்கள் ஊருக்குக் கிளம்புவார்கள். போகவே இரண்டு மூன்று நாள் ரயில், போனால் ஒரு மாதம். துர்கா பூஜோவுக்கு வங்காளம், பிஹுவுக்கு அஸ்ஸாம், தேர்தலுக்கு எல்லாரும். கட்டட வேலை முடிந்தால் கூண்டோடு வேறு ஊர். பதினொரு பேர் ஆட வேண்டுமானால் நோட்டில் முப்பது பெயராவது தேவை என்று நான் முதலில் சொன்னது இதனால்தான். ஏழு பேருக்குக் கீழே குறைந்தால் விதிப்படி ஆட்டமே கிடையாது.

போகிறவரின் சட்டையை வாங்கித் துவைத்து, எண் தெரியும்படி மடித்துப் பெட்டியில் வையுங்கள். அடுத்து வருபவருக்கு வேறு எண் கொடுங்கள். நோட்டில் பெயரை அடிக்க வேண்டாம். 'போனார்' என்று எழுதித் தேதி போடுங்கள், அவ்வளவுதான். எங்கள் நோட்டில் ஜார்க்கண்ட் தம்பி ஒருவரின் பக்கத்தில் 'போனார்', 'வந்தார்' என்று மாறி மாறி மூன்று முறை எழுதியிருக்கிறது. நான்காவது 'போனார்' கார்த்திகையில் எழுதியது. 9-ஆம் எண் சட்டை பெட்டியில் இருக்கிறது.